கம்பிவலையில் நீங்கள் போட்ட தையல்

என்னங்க,

நாற்பத்தோரு வருஷம் இந்த ஒரு சொல்லை வைத்தே உங்களைக் கூப்பிட்டுக் குடும்பம் நடத்திவிட்டேன். பேரைச் சொல்ல வாய் வந்ததில்லை, இன்றைக்கும் வரவில்லை. கடிதத்துக்கு மேலே பேர் எழுத வேண்டாமா அம்மா என்று பாஸ்கரன் கேட்டான். யாருக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும், நீ போய் உன் வேலையைப் பாருடா என்றேன்.

மூன்றாம் வருஷத் திதிக்குப் பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுத வேண்டுமாம். 'கண்ணீருடன் குடும்பத்தார்' என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லவில்லை. இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்?

முதலில் வீட்டுச் சேதி. பின்பக்கத் தளத்தின் பழைய கம்பிவலையைப் போன மாதம் கழற்றிவிட்டோம். துரு ஏறி, தொட்டால் உதிர்ந்தது. இப்போது அலுமினியச் சட்டம், தள்ளினால் நகருகிற வலைக்கதவு, தரைக்கு டைல்ஸ், மேலே ஃபேன். பாஸ்கரன் ஒரு கூடை ஊஞ்சல் வேறு வாங்கி மாட்டியிருக்கிறான். ஏறி உட்கார்ந்தால் என்னை இறக்கிவிட இரண்டு பேர் வேண்டும். மருமகள் அதற்கு சிட்-அவுட் என்று பேர் வைத்திருக்கிறாள். எனக்கு அது தளம்தான்.

கழற்ற வந்த ஆசாரி வடக்கு மூலையில் உங்கள் தையலைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சட்ட கிழிஞ்ச மாதிரி செம்புக் கம்பி வுட்டுத் தச்சிகிறாங்க!" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூலையை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தளத்துக்கு நாம் வலை அடித்த வருஷம் நினைவிருக்கிறதா? வெள்ளிமலைக்குப் போய்ச் சாமையும் புளியும் வாங்கி வரும்போதெல்லாம் காய்ச்சலையும் கூடவே வாங்கி வந்தீர்கள். கம்பளி மேல் கம்பளி போட்டும் கட்டில் ஆடும். கொசுதான் காரணம், வலைக்குள்ளே படுங்கள் என்று டாக்டர் சொன்னார். நீங்களோ வீட்டுக்குள் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று திறந்த தளத்தை விட்டு வர மாட்டேன் என்றீர்கள். அப்படியானால் தளத்துக்கே வலை போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மேலே ஷீட்டு, மூன்று பக்கமும் மரச்சட்டம், சட்டத்தில் கம்பிவலை, வலை நகராமல் இருக்க மேலே ரீப்பர் கட்டை. கிணற்றுப் பக்கம் பார்த்த மேற்கு முகத்தில் ஒரு கதவு. கதவுக்கு முறையாக நிலை செய்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து நிறுத்தினோம்.

வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். நீங்கள் கரும்பச்சை என்று நின்றீர்கள். பெயிண்ட் காய்ந்த அன்றைக்குச் சட்டையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "வெளிய நின்னு பாரு, நான் தெரியறனா?" என்றீர்கள். தெரியவில்லை. வெளியே பகல் வெயில், உள்ளே நிழல். வலை கறுப்பாக நின்றது. "நீ தலைய சொறியறது எனக்குத் தெரியுதுடி" என்று உள்ளேயிருந்து சிரித்தீர்கள். அப்புறம் எழுந்துபோய்ச் சமையல்கட்டுக் கதவைத் திறந்தீர்கள். தெருவாசல் வெளிச்சம் வீடு முழுக்க ஓடி வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. ஆள் அச்சாகத் தெரிந்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அஞ்சலை. நம் நிலத்தில் எனக்கு முன்னாலிருந்தே வேலை செய்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னை அம்மா என்று கூப்பிட்டவள். தளம் திறந்து கிடந்த நாளெல்லாம் அங்கேதான் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உடைப்பாள், நான் எதிரில் உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பேன். உலகத்துக் கதையெல்லாம் பேசுவோம். நிலை வைத்த மறுநாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே துவைகல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி அங்க போய் வெயில்ல ஒக்காந்துகினுகிற?" என்று கேட்டேன்.

"நெலை வச்சிட்டீங்க இல்லம்மா. இனிமே அது வூடு" என்றாள்.

காலனிக்காரர்கள் நம் வீட்டு நிலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். தளம் வெளியே என்பதால் வந்தாள், வீடாகிவிட்டது என்பதால் நகர்ந்தாள். போகச் சொல்லி நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே மறியல் வாரம் வந்தது. நம்ம ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டார்கள். கேட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் பாஸ்கரனுக்கும் சேர்த்துத்தான் கேட்டார்கள். நம் ஆட்களைப் போலீஸ் லத்தியால் அடித்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன், வயிறு எரிந்தது. ஆனால் அந்த வாரம் ஊருக்கு ஒரு வெறியும் பிடித்திருந்தது. நீங்கள் வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டீர்கள், மலைப் பாதையில் பஸ்ஸும் இல்லை ஜீப்பும் இல்லை. பாஸ்கரன் தியாகதுருகத்தில் உங்கள் அக்கா வீட்டில் இருந்தான். வீட்டில் நான் ஒருத்தி.

அன்றைக்குக் காலையில் அஞ்சலையின் மகள் செல்விக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், ரோட்டில் குறுக்கே புளியமரம் கிடக்கிறது. அஞ்சலை அரிவாளை எடுத்தாள். கிளைகளை வெட்டித் தள்ளி, வண்டி போகிற அளவுக்கு வழி செய்துவிட்டாள். கொஞ்ச தூரத்தில் அடுத்த மரம் இன்னும் பெரியதாகக் கிடந்தது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியைத் திருப்பினாள். அதற்குள் அவள் செய்த வழியில் போலீஸ் வண்டி ஊருக்குள் நுழைந்துவிட்டது. நம்ம ஆட்கள் இரண்டு பேரை அடித்து ஏற்றிக்கொண்டு போனது.

அவ்வளவுதான். அஞ்சலை போலீசுக்கு வழி விட்டாள் என்று ஊர் கொதித்தது. காலனிக்குப் போய் அவள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அவளையும் தேடினார்கள். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வடக்குப் பக்கம் தளத்தை ஒட்டின கரும்புக் கொல்லையில் சோகை சலசலத்தது. போய்ப் பார்த்தால் வலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலை நிற்கிறாள், தோளில் செல்வி தொங்குகிறாள்.

"அம்மா, இதுக்கு நடக்க முடியலம்மா. கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டாயில வுடுங்க."

"மாட்டுக் கொட்டாயிலதான்டி மொதல்ல தேடுவானுங்க. உள்ள வா."

அந்த நேரத்திலும் அவள் காலை எடுத்து வைக்கவில்லைங்க! சுற்றி வந்து நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, "நெலைக்கு உள்ளயாம்மா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. செல்வி கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மகள் உள்ளே வந்த பின்னால்தான் தாய் வந்தாள்.

இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பக்கத்திலேயே சமையல்கட்டு, அதைத் தாண்டி நெல் மூட்டை அறை. அங்கே கொண்டுபோய் வைத்துப் பூட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. என் மனசு போகவில்லை. தளம் வரைக்கும் சரி, அதற்கு மேல் வேண்டாம் என்று உள்ளே ஒன்று அளந்தது. ஒரு உயிருக்கு இரண்டு உயிராக ஒருத்தி வலியில் சுருண்டு கிடக்கிறாள், நான் அடி அளந்துகொண்டு நிற்கிறேன். ச்சீ, என்ன பொம்பளை நான்!

அளந்து முடிப்பதற்குள் வீட்டோரச் சந்துப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. உங்கள் தம்பி குரல். இனிமேல் அவர்களைச் சமையல்கட்டு வழியாகக் கொண்டுபோக முடியாது. திறந்து கிடந்த அந்தக் கதவில் இரண்டு பேர் நுழைந்தால் தெருவாசல் வெளிச்சத்தில் உருவம் தெரிந்துவிடும். நீங்கள் விளையாடிக் காட்டியதுதான் அப்போது ஞாபகம் வந்தது. கதவை இழுத்துச் சாத்தினேன். சுவரோரம் உட்காருங்கள், அசையாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு, வலைக்கதவைத் திறந்து வெளியே வந்து பின்னாலேயே மூடினேன்.

நாலைந்து பேர் வந்தார்கள். உங்கள் தம்பி கையில் தடி.

"அண்ணி, அஞ்சலை இந்தப் பக்கம் வந்தாளா?"

"நானே மறியல்னு யாரையும் வேலைக்குக் கூப்புடல. அவ இன்னாத்துக்கு வரா?"

"அவ திமிர பாத்தீங்களா? நம்ம போட்ட மரத்த வெட்டிட்டா அண்ணி. அவ வுட்ட வழியிலதான் போலீஸ் பூந்துது."

மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள். வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தார்கள். மோட்டார் கொட்டகைக்கு ஒருவனை ஓட விட்டார்கள். ஒருத்தன் கம்பிவலையைக் காட்டி, "அது உள்ள?" என்றான். உங்கள் தம்பி அவனை முறைத்தார்.

"டேய், அது வூடுடா. நெலை வச்சி பூச போட்டது. காலனிக்காரிய எங்க அண்ணி வூட்டுக்குள்ள வுடுவாங்களா? புத்தி கித்தி இருக்குதா உனுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்னைப் பற்றி அவ்வளவு உறுதியாக அவர் சொன்னார் பாருங்கள், அந்த உறுதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

போவார்கள் என்று பார்த்தால் போகவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போனவன் வரட்டும் என்று உங்கள் தம்பி துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் தண்ணீர் கேட்டார்கள். வாளியைக் கிணற்றில் விட்ட நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு முனகல். செல்விக்கு மறுபடி வலி. உருளையைக் கிறீச் கிறீச்சென்று இழுத்தேன். பாதி வாளியைச் சிந்திவிட்டு மறுபடி விட்டேன். "உருளைக்கு எண்ண வுடக் கூடாதா அண்ணி, காது கிழியுது" என்றார் உங்கள் தம்பி. "உங்க அண்ணன் வந்து வுடட்டும்" என்றேன். எங்கிருந்துதான் எனக்கு வாய் வந்ததோ.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மேற்கே சாய்ந்த வெயில் ஷீட்டுக்குக் கீழே புகுந்து, வலை வழியாகத் தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கண்ணில் அடிக்கிறது, தட்டி கட்ட வேண்டும் என்று நீங்கள் மாதக்கணக்கில் சொல்லிக் கட்டாமலே விட்டீர்களே, அதே வெயில். பாதித் தளம் வந்துவிட்டது. கிட்டே நின்ற எனக்குச் செல்வியின் கால் விரல்கள் தெரிய ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் துவைகல்லில் உட்கார்ந்தவருக்கு முகமே தெரிந்துவிடும்.

காலையில் ஊற வைத்த துணி தொட்டியில் கிடந்தது. கை தன் பாட்டுக்குப் போய் எடுத்தது. வலைக்கு முன்னால் ஓடுகிற கொடியில் ஒரு புடவையை அகலமாக விரித்துப் போட்டேன். அடுத்து இன்னொன்று.

"இன்னா அண்ணி, வெயில் போற நேரத்துல துணி ஒலத்துறீங்க?"

"ஊறிப் போனது நாறாதா? உங்களுக்கு இன்னா, நீங்க ஒக்காருங்க."

உட்காரவும் சொல்லிவிட்டு, பாவாடையை எடுத்து உதறினேன். அவர் மூஞ்சிக்கு நேரே. அப்புறம் ரவிக்கை, அப்புறம் உள்பாடி. ஒவ்வொன்றையும் நிதானமாக இழுத்துவிட்டு, சுருக்கம் எடுத்து, பெரிய காரியமாகப் போட்டேன். ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராகத் தரையைப் பார்த்தார்கள், தொண்டையைச் செருமினார்கள். உங்கள் தம்பி எழுந்து வேட்டியை உதறினார். "வாங்கடா, முன்னாடி போய் ஒக்காரலாம்" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பேரில் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு. அந்தக் கூச்சத்துக்காக மட்டும் ஒரு கும்பிடு.

அவர்கள் தெருவாசலில் உட்கார்ந்ததும் நான் தளத்துக்குள் போனேன். மேற்கு வாசலில் இறங்கினால் சந்திலிருந்து தெரியும். வலை அடித்த ஆசாரி அப்போது விட்டுப் போன குறடு அங்கே கிடந்தது. வடக்கு மூலையில் வலையை வெட்டப் பார்த்தேன், குறடு வழுக்கியது. "குடும்மா" என்று அஞ்சலை வாங்கினாள். ரீப்பரோரம் கீழே ஒரு வெட்டு, பக்கத்தில் மேலே ஒரு வெட்டு, காலால் வெளியே தள்ளினாள். செல்வி தவழ்ந்து கரும்புக்குள் போனாள். போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது.

அஞ்சலை உடனே போகவில்லை. முந்தானையை எடுத்து, மகள் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தாள். பதறிக்கொண்டு, குந்தியபடியே, சுத்தமாகத் துடைத்தாள். "ஒக்காந்த எடத்த தொடச்சிட்டேன்ம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லைங்க. வேண்டாம்டி என்று கூடச் சொல்லவில்லை.

நீங்கள் நாலாம் நாள் மலையிலிருந்து நடந்தே வந்தீர்கள். கிழிசலைப் பார்த்து என்ன என்றீர்கள். நாய் கிழித்துவிட்டது என்றேன். விரலால் வலையின் முனையைத் தடவினீர்கள். "வலை வெளிய பாக்க மடங்கிகினுகுது. நாயி உள்ள இருந்தா வந்துது?" என்று கேட்டீர்கள். அடுப்பை ஊதப் போய்விட்டேன். மறுநாள் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்கத் தைத்தீர்கள். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஊர் ஆறின பின்னால், அடுத்த மாதம் அஞ்சலை திரும்பி வந்தாள், துவைகல் பக்கமே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும், "பேத்தி எப்படிகிறா?" என்று கேட்டீர்கள். கரும்புக்கு அந்தப்பக்கத்து ஊரில் சித்தி வீட்டில் செல்விக்குப் பெண் பிறந்த சேதியை நான் உங்களிடம் சொல்லவில்லை. வேறு யார் சொன்னார்கள்? எவ்வளவு தெரியும் உங்களுக்கு? தெரிந்தும் ஏன் என்னைக் கேட்கவில்லை? கேட்டிருந்தால், அடுத்த கேள்வி அவளை ஏன் மறுபடி உள்ளே கூப்பிடவில்லை என்பதாக இருக்கும் என்று பயந்தீர்களா?

அதற்குப் பின் இத்தனை வருஷமும் அவள் வெளியே, நான் உள்ளே. வலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். அவளுக்குத் தனி டம்ளர் சட்டத்தின் மேலேயே இருந்தது. அதை நான் தொட்டுக் கழுவியதில்லை, தள்ளி நின்றுதான் ஊற்றினேன். அந்தப் பேத்தி வளர்ந்து திருநாவலூர் பக்கம் வாக்கப்பட்டாள். கல்யாணத்துக்கு அஞ்சலை வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தாள். பாத்திரம் கொடுத்து அனுப்பினேன், நான் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை, புதுத் தளத்தில் விளக்கேற்றிவிட்டு அஞ்சலைக்கு ஆள் அனுப்பினேன். கோலூன்றி வந்தாள். வலைக்கு வெளியே நின்றாள். நான் கதவைத் தள்ளிவிட்டு, "உள்ள வா அஞ்சலை, வந்து ஊஞ்சல்ல ஒக்காரு" என்றேன். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த வார்த்தை அது, தெரியுமா?

அவள் முதலில் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கரும்புப் பக்கம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே கேட்டாள்:

"இன்னாம்மா, யாராச்சும் தொரத்திகினு வராங்களா?"

கதவை இன்னும் அகலமாகத் தள்ளினேன். அவள் உள்ளே வரவில்லை. துவைகல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் போகணும் என்று கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்கு விடிந்ததும் நான் போகிறேன்ங்க. அவள் வீட்டுக்கு. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட மிதிக்காத வாசல் அது. உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார்ந்து, அவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். கூப்பிடாவிட்டால் அவள் நிலைக்கு வெளியே நிற்பேன். அவள் நின்ற நாளெல்லாம் நிற்க எனக்கு ஆயுசு இல்லை. இருக்கிற மட்டும் நிற்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
என் பொய்யை ஏன் என்று கேட்காத உங்கள் மனசுக்கு வாக்கப்பட்டு, பொய்யே சொன்ன உங்கள் வூட்டுக்காரி,
பாஸ்கரன் அம்மா